அந்தப் பெட்டி இப்போது எங்கே?

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு மருத்துவமனையில் செய்யும் தடயப் பரிசோதனை முடிய நான்கு மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரம் ஆனவர்களும் உண்டு. தரையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் நின்று உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். உடையிலிருந்து உதிரும் நூல், மண், முடி எதுவானாலும் அந்தத் தாளில் விழும். செவிலியர் அதை அப்படியே மடித்து உறையில் இடுவார். உடைகள் பிளாஸ்டிக் பையில் போகாது, காகிதப் பையில்தான் போகும்; ஈரம் தங்கினால் தடயம் கெட்டுவிடும். பிறகு பஞ்சுக் குச்சிகள். வாய்க்குள், கழுத்தில், மார்பில், தொடையில், பிறப்புறுப்பில், அவன் எங்கெல்லாம் தொட்டான் என்று அவள் சொல்கிறாளோ அங்கெல்லாம். நகக்கண்ணையும் சுரண்டி எடுப்பார்கள். ஒவ்வொரு குச்சியையும் காயவைத்து, தனி உறையிலிட்டு, விவரம் எழுதி ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி முத்திரை வைக்கும்வரை தடயம் செவிலியரின் கண்ணை விட்டு அகலக் கூடாது. பின்னாளில் நீதிமன்றத்தில் யாராவது எழுந்து, "இடையில் இதை யாரும் தொடவில்லை என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில் அந்த அறையிலேயே தயாராகிறது.

நான் டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதியில் வசிக்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மருத்துவமனையில் துணையிருக்கும் தன்னார்வலர் பணிக்குப் பயிற்சி எடுத்தபோது, காலாவதியான தடயப் பெட்டி ஒன்றை ஒரு செவிலியர் எங்கள் முன் பிரித்துக் காட்டினார். நம் ஊர்க் கடைகளில் வேட்டி சட்டை வைத்துத் தருகிற அட்டைப்பெட்டி அளவுதான் இருந்தது. உள்ளே அடுக்கடுக்காக உறைகள், மாதிரி தடவும் கண்ணாடித் தகடுகள், சிறிய சீப்பு, படிவங்கள். பணியில் நான் கேட்டவை எதையும் இங்கே எழுதமாட்டேன். அவை அந்தப் பெண்களுக்குச் சொந்தமானவை. ஒன்றை மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அது யாரோ ஒருத்தியின் கேள்வி என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லோரும் கேட்பது: "இது இனி எங்கே போகும்?"

நியாயமான கேள்வி. தன் உடம்பிலிருந்து எடுத்ததைத்தான் கேட்கிறாள். அமெரிக்க அரசு அமைப்புகளால் நாற்பது ஆண்டுகளாக அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை என்பதும், கடந்த சில ஆண்டுகளில்தான் அந்தப் பதிலை அவள் கைக்கே தருகிற ஏற்பாடு மாநிலம் மாநிலமாக வந்துகொண்டிருக்கிறது என்பதும் இந்தப் பதிவின் விஷயம்.

இந்தப் பெட்டியை உருவாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த மார்த்தா காடர்ட். எல்லோரும் மார்ட்டி என்றே அழைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி மையத்தில் பணியாற்றியவர். அந்தப் பிள்ளைகளில் பலர் எதற்குப் பயந்து ஓடிவந்தார்கள் என்பது புரிந்ததும், குற்றவாளிகள் ஏன் பிடிபடுவதில்லை என்று காவல் துறையிடமும் ஆய்வகத்திடமும் மருத்துவமனைகளிடமும் போய்க் கேட்கத் தொடங்கினார். எதை எடுக்க வேண்டும், எப்படி ஒட்ட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வந்த மாதிரிகளில் பல, நீதிமன்றத்தில் நிற்காத நிலையில் வந்தன. உடைகளைத் தடயமாக எடுத்துக்கொண்டபின் அந்தப் பெண்கள் காகிதச் செருப்பும் மருத்துவமனை அங்கியுமாக வீடு திரும்பினார்கள்.

1978இல் சிகாகோ வட்டார மருத்துவமனைகளில் அந்தப் பெட்டி பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு வைத்த பெயர் 'விட்டுல்லோ பெட்டி'. காவல் துறை ஆய்வகத்தில் இருந்த சார்ஜன்ட் லூயி விட்டுல்லோவின் பெயர். ஓர் ஆணின் பெயரில் போனால்தான் காவல் துறை ஏற்கும் என்ற காலம். 2015இல் மார்ட்டி இறந்தபோது அவர் யார் என்பதே பலருக்குத் தெரியாது. என்னை அதிகம் பாதித்தது வேறொன்று. அந்த முதல் பெட்டிக்குள் சீப்பு, நகவெட்டி, சோதனைக் குழாய்களோடு ஓர் அட்டையும் இருந்தது. அது ஆய்வகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ உரியது அன்று. மன நல ஆலோசனைக்கும் அடுத்த மருத்துவ உதவிக்கும் எங்கே போகலாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்வதற்காக வைத்தது. தடயம் சேகரிப்பதும் அவளுக்குத் தகவல் தருவதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்று 1978இலேயே மார்ட்டி நினைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு அடுத்த பாதியைக் கைவிட்டார்கள். பல ஊர்களில் முதல் பாதியையும் கைவிட்டார்கள்.

2009 ஆகஸ்டில் டெட்ராய்ட் காவல் துறையின் பழைய கிடங்கு ஒன்றுக்கு வெய்ன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒருவர் போனார். இரும்பு அடுக்குகளில் வரிசை வரிசையாக அட்டைப்பெட்டிகள். எண்ணி முடித்தபோது 11,341. 1980களைச் சேர்ந்தவையும் அவற்றில் இருந்தன. பெரும்பாலானவை முத்திரை பிரிக்கப்படாதவை. ஒவ்வொன்றின் பின்னாலும் நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் அந்தத் தாளின்மேல் நின்ற ஒருவர்.

டெட்ராய்ட் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் நகரம் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஏறக்குறைய 17,000 பெட்டிகளைத் தூசி தட்டி ஆய்வகங்களுக்கு அனுப்பியது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் 2009இல் கணக்கெடுத்தபோது 12,500க்கும் மேல். மெம்பிஸில் 12,000க்கும் மேல். ஹூஸ்டனில் 6,600க்கும் மேல்.

ஏன் அனுப்பவில்லை? பணம் இல்லை, ஆள் இல்லை என்பார்கள். அது உண்மைதான், ஒரு பெட்டியைச் சோதிக்க ஆயிரம் டாலருக்கு மேல்கூட ஆகும் என்பது வழக்கமான கணக்கு. டெட்ராய்டின் சொந்த ஆய்வகமே 2008இல் வேறு தவறுகளால் மூடப்பட்டது. ஆனால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ரெபெக்கா கேம்பெல் தலைமையிலான ஆய்வுக் குழு டெட்ராய்டின் பழைய காவல் அறிக்கைகளைப் படித்தபோது, பணத்தால் விளக்க முடியாத ஒன்றையும் கண்டது. புகார் கொடுத்த பெண்ணை நம்பவில்லை என்பது அந்த அறிக்கைகளிலேயே எழுதப்பட்டிருந்தது. அவள் பாலியல் தொழில் செய்பவள், போதைப் பழக்கம் உள்ளவள், தெரிந்தவனோடு போனவள், கதை கட்டுகிறாள். வழக்கு நிற்காது என்று காவலர் ஒருவர் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டால் பெட்டி ஆய்வகம் போகாது. பெட்டி போகாததால் தடயம் இல்லை. தடயம் இல்லாததால் வழக்கு நிற்காது. இந்தச் சக்கரத்தை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி வைத்திருந்தது ஒன்றே ஒன்று: பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று பிறகு தானே முடிவு கட்டிக்கொள்வாள்.

1993இல் நியூயார்க்கில் துப்பாக்கி முனையில் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் பெட்டி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் இருந்தது. 2003இல், வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு முடியும் தறுவாயில் அதைச் சோதித்தார்கள். பெயர் தெரியாத அந்த ஆளின் டிஎன்ஏ மீதே குற்றச்சாட்டைப் பதிவு செய்து வழக்கை உயிரோடு வைத்தார்கள். 2007இல் ஒருவன் பொருந்தினான். லாஸ் வேகஸில் சாலையை விதி மீறிக் கடந்ததற்காகப் பிடிபட்டதுதான் அவன் மாட்டிக்கொண்ட வழி. பெட்டி அத்தனை ஆண்டுகள் தொடப்படாமலே கிடந்தது என்பது அந்தப் பெண்ணுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வெய்ன் மாவட்ட அரசு வழக்கறிஞர் கிம் வொர்த்தியைப் பற்றி இந்த ஊரில் பலவிதமான கருத்துகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர் விடாப்பிடியாக நின்றார். சட்டம் படித்த நாட்களில் தானும் தாக்கப்பட்டதாகவும் அப்போது புகார் தரவில்லை என்றும் அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். நகரம் திவாலாகும் நிலையில் இருந்தபோது, சோதனைக்கான பணத்துக்கு ஊர் ஊராகக் கையேந்தினார். டெட்ராய்டின் கறுப்பினப் பெண்கள் தங்களுக்குள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அப்போது ஒரு பெட்டியைச் சோதிக்க ஆன செலவு 490 டாலர். ஆகவே ஆளுக்கு 490 டாலர் திரட்டுங்கள் என்று கேட்டார்கள். அழகு நிலையங்கள், தேவாலயங்கள், கல்லூரித் தோழியர் சங்கங்கள் வழியாகப் பணம் சேர்ந்தது. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கூடவே கோபமும் வருகிறது. ஒரு கொலை வழக்கின் கத்தியைச் சோதிக்க எந்த ஊரிலாவது பெண்கள் சீட்டு போட்டுப் பணம் சேர்த்ததுண்டா?

சோதனைகள் முடிய முடிய, குற்றவாளிகளின் டிஎன்ஏ தகவல் தொகுப்பில் பெயர்கள் வந்து விழுந்தன. ஆய்வுக்காக முதலில் எடுத்துக்கொண்ட 1,595 பெட்டிகளிலேயே 455 பொருத்தங்கள். மொத்தச் சோதனையும் முடிகிற கட்டத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட வன்முறைகளில் தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படுகிறவர்கள் 800க்கும் மேல். அந்தப் பெட்டிகள் உரிய காலத்தில் பிரிக்கப்பட்டிருந்தால் எத்தனை பெண்கள் தப்பியிருப்பார்கள் என்று கணக்குப் போடத் தொடங்கினால் இரவில் தூக்கம் வராது.

பெட்டி தொலைவதை நிறுத்த வொர்த்தி போன இடம் ஒரு பார்சல் நிறுவனம். யூபிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, பெட்டிகளில் பட்டைக் குறியீடு (பார்கோடு) ஒட்டி, கைமாறும் இடமெல்லாம் பதிவு செய்யும் முன்னோட்டத் திட்டம் ஒன்றை வெய்ன் மாவட்டம் நடத்தியது. இணையத்தில் வாங்கிய செருப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்க முடிகிற நாட்டில் இந்தப் பெட்டி எங்கே என்று பார்க்க முடியாதா என்பது அவர் அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி.

ஆனால் அந்த ஏற்பாடு முதலில் அலுவலர்களுக்குத்தான். பாதிக்கப்பட்டவரே பார்க்கலாம் என்று ஒரு மாநிலம் முழுவதற்கும் கதவைத் திறந்துவிட்டது, பலரும் எதிர்பார்க்காத ஐடாஹோ. மக்கள்தொகை குறைந்த, பழமையில் ஊறிய மலை மாநிலம். 2016இல் சட்டம் வந்தது. 2017 தொடக்கத்தில் மாநிலக் காவல் துறையின் ஆய்வகப் பிரிவு, தன் சொந்த மென்பொருளாளர்களை வைத்தே கண்காணிப்பு முறையை உருவாக்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கேட்கிற மற்ற மாநிலங்களுக்கு அந்த மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. பிறகு வாஷிங்டன், டெக்ஸஸ், மிச்சிகன் எனப் பல மாநிலங்கள் தங்களுக்கென ஏற்பாடு செய்துகொண்டன. மென்பொருள் ஊருக்கு ஊர் வேறு, அடிப்படை ஒன்றுதான்.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெறும் பெட்டியாக மருத்துவமனைக்கு வரும்போதே அதற்கு ஓர் எண் உண்டு. பரிசோதனை முடிந்ததும் அந்த எண் எழுதிய சீட்டு பெண்ணின் கைக்கு வருகிறது. அவளுடைய பெயர் அந்தக் கணினியில் இல்லை. பிறந்த தேதி இல்லை, முகவரி இல்லை. எண்ணைப் போட்டால் சில வரிகள் மட்டும் தெரியும்: பெட்டி மருத்துவமனையில் இருக்கிறது, காவல் துறை இன்ன தேதியில் எடுத்துக்கொண்டது, ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, சோதனை முடிந்தது, காவல் துறைக்குத் திரும்பியது. அவ்வளவுதான். யார் குற்றவாளி என்று அங்கே இருக்காது, என்ன கிடைத்தது என்றும் இருக்காது.

இதில் நான் மிகவும் மதிக்கிற அம்சம், அவளாகப் போய்ப் பார்த்தால்தான் தகவல் தெரியும் என்பது. அவளுடைய அனுமதியின்றி அது வீட்டுக்குக் கடிதம் அனுப்புவதில்லை, கைப்பேசியில் மணியடிப்பதில்லை. குற்றம் செய்தவன் அதே வீட்டில் இருக்கலாம். அவளுடைய கைப்பேசியை மாமியாரோ கணவனோ எடுத்துப் பார்க்கலாம். நான்கு மாதம் கழித்து, பிள்ளையின் பள்ளி விழாவில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று திரையில் அந்தச் சொல் மின்ன வேண்டாம் என்று அவள் நினைக்கலாம். ஆறு மாதம் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பார்க்கலாம் என்ற திடம் வரும்போது பார்க்கலாம். பார்க்காமலே இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. அந்த இரவில் அவளிடமிருந்து பறிக்கப்பட்டது தன் உடம்பின் மீதான அதிகாரம். எதை எப்போது தெரிந்துகொள்வது என்ற முடிவையாவது அவளிடமே விட்டுவைப்பது சரியான ஏற்பாடு.

காவலர் பக்கத்திலும் இது மாற்றத்தைக் கொண்டுவருகிறது. மிச்சிகனில் 2014இல் வந்த சட்டப்படி, அவள் சம்மதித்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனை காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். அடுத்த 14 நாளில் காவல் துறை பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கடுத்த 14 நாளில் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போதிய வசதி இருக்கும்பட்சத்தில் 90 நாளில் சோதனையை முடிக்க வேண்டும். சட்டத்தில் எழுதியதை யார் பார்க்கிறார்கள் என்று முன்பு இருந்துவிடலாம். இப்போது பதினைந்தாம் நாள் அந்தப் பெண் பார்ப்பாள். மேலதிகாரியின் திரையிலும் சிவப்பாகத் தெரியும்.

இனி இதன் எல்லை. 2021 செப்டம்பரில் மெம்பிஸ் நகரில் ஒரு பெண் புகார் தந்தார். பெட்டியும் சில நாட்களிலேயே மாநில ஆய்வகத்துக்குப் போய்விட்டது. அலமாரியில் யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஆய்வகத்தின் வரிசையில் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தது, அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் அதே ஊரில் அதிகாலையில் ஓடப் போன இன்னொரு பெண் கடத்திக் கொல்லப்பட்டார். முந்தைய பெட்டியின் டிஎன்ஏ யாருடையது என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. இரண்டு வழக்கிலும் ஒரே ஆளைத்தான் கைது செய்தார்கள். கண்காணிப்புத் திரை இருந்திருந்தாலும் அந்த ஓராண்டு முழுவதும் 'ஆய்வகத்தில் உள்ளது' என்ற ஒரே வரியைத்தான் காட்டியிருக்கும். உண்மையான வரிதான், பயனில்லாத வரி. ஆய்வாளர்களை நியமிக்காமல், இயந்திரம் வாங்காமல், மென்பொருள் மட்டும் வாங்கிக்கொண்டு நாடா வெட்டுகிற அரசுகளைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

'சோதனை முடிந்தது' என்ற வரியிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் படித்ததும் அடுத்த நாளே காவலர் அழைப்பார் என்று அவள் நினைப்பாள். ஆய்வகம் தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருளில்லை. புலனாய்வாளர் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தாரா, பொருத்தம் உண்டா, வழக்குப் போடுவார்களா என்பதை ஒரு மனிதர் வாய் திறந்து சொல்ல வேண்டும். திரை அதோடு நின்றுவிடும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் டெட்ராய்டும் ஹூஸ்டனும் நிறையக் கற்றுக்கொண்டன. பதினைந்து ஆண்டு கழித்து ஒரு பெண்ணின் கதவைத் தட்டுகிறீர்கள். அவளுக்கு இப்போது வேறு கணவன், வேறு ஊர், நடந்ததை அறியாத பிள்ளைகள். சீருடையோடு போய் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? கதவைத் திறப்பது அவளுடைய மாமனாராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? டெட்ராய்டில், பயிற்சி பெற்ற புலனாய்வாளர்கள் சாதாரண உடையில் நேரில் போனார்கள். பின்னாலேயே ஆலோசகரின் உதவியும் கிடைக்க வழி செய்தார்கள். ஹூஸ்டனில் அதோடு இன்னொன்றும் செய்தார்கள்: தன் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்க விரும்புகிறவர்கள் அவர்களாகவே அழைக்க ஒரு தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி. காவல் துறைக்குள்ளேயே, காவலர் அல்லாத ஓர் ஆலோசகரையும் உட்கார வைத்தார்கள். பழைய காயத்தைக் கிளறினால் அந்தப் பெண்கள் உடைந்துபோவார்கள் என்று பலர் பயந்தார்கள். பயந்த அளவுக்கு நடக்கவில்லை என்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சிலர் கோபப்பட்டார்கள், சிலர் அழுதார்கள், சிலர் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். பலர் வழக்கைத் தொடரச் சம்மதித்தார்கள். சொல்லாமல் இருப்பது அவர்களுடைய நன்மைக்கே என்று இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்தது சொல்ல வேண்டியவர்களின் வசதிக்காகத்தான் என்பது என் எண்ணம்.

பெட்டியை அழிப்பது இன்னொரு கொடுமை. 2013இல் மாஸசூசெட்ஸில் கல்லூரி மாணவியாக இருந்த அமண்டா நுயென், காவல் துறைக்குப் போகாமல் பரிசோதனை மட்டும் செய்துகொண்டார். வழக்குப் போட அவருக்கு 15 ஆண்டு அவகாசம் இருந்தது. ஆனால் நீட்டிக்கச் சொல்லி மனுக் கொடுக்காவிட்டால் பெட்டியை ஆறு மாதத்தில் அழித்துவிடுவார்கள். எப்படி நீட்டிப்பது என்று தெளிவாகச் சொல்ல ஆளில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த இரவை அவரே மறுபடி எழுப்பி, தன் தடயத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்து சட்டத்தையே எழுதத் தொடங்கினார். 2016 அக்டோபரில் ஒபாமா கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் அதிலிருந்து வந்தது. அதன்படி, கூட்டாட்சி வழக்குகளில் பெட்டியை வழக்கின் காலக்கெடு முடியும்வரை அல்லது 20 ஆண்டுவரை, இரண்டில் எது குறைவோ அதுவரை பாதுகாக்க வேண்டும். சோதனை முடிவைச் சொல்ல வேண்டும். எழுத்து மூலம் கேட்டுக்கொண்டவர்களுக்கு, அழிப்பதற்கு 60 நாள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2018க்கு முன் புகார் தராதவர்களின் பெட்டியை மருத்துவமனைகள் 30 நாளில் குப்பையில் போட முடிந்தது. இப்போது 20 ஆண்டு.

சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் வெளியான செய்தி எல்லோரையும் உலுக்கியது. 2016இல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் கொடுத்த டிஎன்ஏவை நகரக் காவல் துறை ஆய்வகம் தன் உள்ளூர்த் தொகுப்பில் வைத்திருந்து, பிறகு ஒரு சொத்துக் குற்ற வழக்கில் அவரையே சந்தேக நபராகக் கைது செய்யப் பயன்படுத்தியிருக்கிறது. வழக்கைக் கைவிட்டார்கள். கலிபோர்னியா அதே ஆண்டு அதைத் தடை செய்தது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த எத்தனை பெண்கள் மருத்துவமனைக்கே போகாமல் இருந்திருப்பார்கள்? தகவல் தருவது என்றால் பெட்டி எங்கே என்பதோடு முடிவதில்லை. என் உடம்பிலிருந்து எடுத்ததை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்ற கேள்விக்கும் முன்கூட்டியே பதில் வேண்டும்.

நம் பெண்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கணவனின் வேலை விசாவை நம்பி இங்கே வந்திருக்கிற தமிழ்ப் பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். மருத்துவமனைக்குப் போனால் விசா போய்விடும், காவல் துறை வீட்டுக்கு வந்துவிடும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. காவல் துறைக்குப் போகாமலே பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு அவளிடம் பணம் கேட்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். செய்தவன் கட்டிய கணவனாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். 1993 முதல் 50 மாநிலங்களிலும் அப்படித்தான். நம் நாட்டுச் சட்டம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதால், இங்கே வந்தும் பலருக்கு இது தெரியாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கென்று தனி விசாவும் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். கணவனையோ அவருடைய நண்பரின் மனைவியையோ அந்த இடத்தில் உட்கார வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவிலும் பாதிக்குமேல் கட்டப்பட்ட பாலம் ஒன்று நிற்கிறது. பாலியல் குற்ற வழக்குகளின் புலனாய்வு இரண்டு மாதத்தில் முடிகிறதா என்று பார்க்க உள்துறை அமைச்சகம் 2019இல் ஒரு கணினிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. நிர்பயா நிதியிலிருந்து மாநிலங்களுக்குத் தடயப் பெட்டிகளும் வாங்கிக் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு, புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ மின்னணு வழியிலாவது தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆக, அதிகாரிகளுக்குத் திரை இருக்கிறது, சொல்ல வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. அந்தத் திரையின் ஒரு மூலையை, பெயரில்லாத ஓர் எண்ணைக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்குத் திறந்துவிடுவதுதான் பாக்கி. ஐடாஹோவின் சிறிய குழு ஒன்றால் முடிந்த வேலை, உலகத்துக்கே மென்பொருள் எழுதித் தருகிற நாட்டுக்கு முடியாதா?

அமெரிக்காவில் இதைப் படிக்கிறவர்களுக்கு. யாருக்காவது தேவைப்பட்டால், தேசிய உதவி எண் 1-800-656-4673. எந்த நேரமும் அழைக்கலாம். பல மாநிலங்களில் ஐந்து நாள்வரை பரிசோதனை செய்வார்கள். குளித்துவிட்டாலும் போகலாம்; தடயம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, மருந்தும் கிடைக்கும். கிளம்புமுன் செவிலியரிடம் கேளுங்கள்: பெட்டியின் எண் என்ன, அதை எந்தத் தளத்தில் பார்க்க வேண்டும், நான் புகார் தராவிட்டால் எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், அழிக்கும் முன் எனக்கு எந்த வழியில் சொல்வீர்கள். பாதுகாப்பான தொலைபேசி எண்ணை மட்டும் கொடுங்கள். எந்த நேரத்தில் அழைக்கக் கூடாது என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எண்ணுள்ள சீட்டை வீட்டில் வைக்க முடியாதென்றால் உதவி மையத்து ஆலோசகரிடம் கொடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள்.